புதியது மட்டும்

நாற்பதைத் தாண்டிய பிறகும் வீட்டில் அவள் பெயர் குட்டிதான். காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது, மாடிப்படி ஏறினால் முழங்கால் முணுமுணுக்கிறது. இருந்தாலும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் அவள் குட்டி. அம்மா குட்டியோடு இருந்தாள். அக்கா வேறு ஊரில் இருந்தாள். எல்லாத் தகராறும் இந்த ஏற்பாட்டிலிருந்து கிளம்பியதுதான். பக்கத்தில் இருப்பவளுக்குத் தான் ஒருத்தியே எல்லாவற்றையும் சுமக்கிறோம் என்ற நினைப்பு. தூரத்தில் இருப்பவளுக்குத் தன்னைத் தவிர யாருக்கும் அக்கறை இல்லை என்ற நினைப்பு. இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது, அதுதான் தொல்லையே.

அம்மாவின் இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில், இதயத் துடிப்பைச் சீராக்கும் ஒரு பேஸ்மேக்கர் இருந்தது. கட்டில் பக்கத்து மேசையில் அதற்குத் துணையாக ஒரு வெள்ளைப் பெட்டி. அம்மா படுத்திருக்கும்போது அந்தப் பெட்டி நெஞ்சுக்குள் இருப்பதோடு சத்தமில்லாமல் பேசும். துடிப்பு எப்படி இருந்தது, எங்கே தடுமாறியது என்று விசாரித்துக்கொண்டு, வீட்டு வைஃபை வழியாக மருத்துவமனைக்குச் சேதி அனுப்பும். துடிப்பு தறிகெட்டு ஓடினால் ரத்தம் உறையும், உறைந்த ரத்தம் மூளைக்கு ஏறும். அப்படி நடக்காமல் முன்கூட்டியே மருந்து கொடுக்கத்தான் இந்தக் காவல்.

அறுவை சிகிச்சை முடிந்த சமயத்தில் அக்கா வந்திருந்தாள். அவளே பெட்டியைப் பிரித்தாள், அவளே வைஃபையில் இணைத்தாள், தன் போன் நம்பரையே மருத்துவமனையில் கொடுத்தாள், அதற்கான ஆப்பைத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். "இவங்க போன்லயும் போட்டுடலாமே" என்று நர்ஸ் குட்டியைக் காட்டிச் சொன்னபோது, "ஒருத்தர் பார்த்தா போதும்" என்று முடித்துவிட்டாள். அக்காவுக்கு எப்போதும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். அன்றிலிருந்து குட்டியின் மனதில் அது அக்காவின் பெட்டி ஆகிவிட்டது. தூசு தட்டுவாள். அதற்கு மேல் கை வைக்க மாட்டாள்.

அக்கா அந்த ஆப்பைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். "அம்மா நேத்து மாடிப்படி ஏறினாங்களா? துடிப்பு ஏறியிருக்கே?" என்று கூப்பிடுவாள். "ராத்திரி சரியா தூங்கலை போல, டிவியைச் சத்தமா வைக்கறீங்களா?" என்று கூப்பிடுவாள். குட்டி பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லி வந்தாள். ஒரு நாள் லிஃப்ட் ரிப்பேர் ஆகி, அம்மா காய்கறிப் பையோடு படியேறி வந்ததற்கு அக்கா போனில் ஒரு பாட்டம் பொரிந்து தள்ளியபோது, குட்டிக்குப் பொறுமை போய்விட்டது.

"அங்கேயே உக்காந்துக்கிட்டு போலீஸ் வேலை பார்க்காதக்கா. இங்க வந்து ஒரு வாரம் இருந்து பாரு, தெரியும். இன்னொரு தடவை இப்படிக் கூப்பிட்டே, அந்தப் பெட்டியைப் பிடுங்கி வெளியே வீசிடுவேன்!"

வீசுகிறவளா அவள்? கரப்பான்பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்திப் பால்கனி வழியாக வழியனுப்புகிறவள். கோபத்தில் வாயில் வந்தது, அவ்வளவுதான். ஆனால் சொன்னது சொன்னதுதான். அக்கா போனை வைத்துவிட்டாள்.

அதன் பிறகு இருவருக்கும் இடையில் பேச்சு நின்றது. அதற்குப் பதிலாக விநோதமான ஒரு பழக்கம் முளைத்தது. காலையில் ஆப்பைப் பார்த்துவிட்டு அக்கா குட்டிக்கு ஒரு பச்சை டிக் படம் அனுப்புவாள். அம்மாவின் துடிப்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். குட்டி பதிலுக்கு ஒரு பச்சை டிக் அனுப்புவாள். அம்மா எழுந்து காபி குடித்துவிட்டாள் என்று அர்த்தம். நல்லா இருக்கியா என்று கிடையாது, சாப்பிட்டியா என்று கிடையாது. கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர் ஒரு டிக்கில் குடும்பம் நடத்தினார்கள்.

குட்டிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. தூரத்து மருத்துவர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதை ஹெட்போனில் கேட்டு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். பெரும்பாலும் இதய மருத்துவர்கள். கொட்டாவி விட்டுக்கொண்டே பேசுவார்கள், மென்றுகொண்டே பேசுவார்கள். முகம் தெரியாத எத்தனையோ பேரின் இதயங்கள் குட்டியின் விரல் நுனி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன.

அந்த அலுவலகத்திலிருந்து ஒரு நாள் மின்னஞ்சல் வந்தது. நோயாளிகளின் விவரங்கள் கசியாமல் இருக்க, வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் எல்லாரும் தங்கள் வைஃபையின் என்க்ரிப்ஷன் அமைப்பைச் சரிபார்க்க வேண்டும். பழைய முறையில் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் டபிள்யூ.பி.ஏ. 3 என்ற புதிய முறைக்கு மாற்றி ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டும். மாற்றாதவர்களுக்கு மென்பொருள் திறக்காது.

குட்டி அதை வாசித்துவிட்டுத் திருதிருவென்று விழித்தாள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டடத்தின் லிஃப்டைக் குடைந்து போட்டு மறுபடி ஓட வைப்பார். வைஃபை என்றால் கையை விரித்துவிடுவார். "யாரையாவது கூப்பிடு" என்றார். முன்பெல்லாம் இந்த மாதிரி விஷயத்துக்கு யாரையாவது என்றால் அக்காதான். போனில் மிரட்டி மிரட்டியே எல்லாவற்றையும் செய்ய வைத்துவிடுவாள். இப்போது அந்த வழியும் அடைபட்டுக் கிடந்தது.

"யாரும் வேண்டாம், நானே பார்த்துக்கறேன்" என்றாள் குட்டி.

உண்மையிலேயே பார்த்துக்கொண்டாள். இதை மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் அவள் தன்னை முட்டாள், மூதேவி என்று எத்தனையோ தடவை திட்டிக்கொண்டாள். அவள் முட்டாள் இல்லை. கட்டுரை கட்டுரையாகத் தேடிப் படித்தாள், வீடியோ பார்த்தாள், புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி பார்த்தாள். ரூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போவது எல்லாம் காற்றில் போகிறது, பக்கத்து வீட்டுச் சுவர் வரைக்கும், கீழே தெரு வரைக்கும் போகிறது, யார் வேண்டுமானாலும் காது கொடுக்கலாம் என்று தெரிந்தபோது அவளுக்குத் திக்கென்றது. கேட்டாலும் புரியாதபடி குழப்பி அனுப்புவதுதான் என்க்ரிப்ஷன் என்று புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அட, நம்ம க-பாஷை!

சின்ன வயதில் அக்காவும் அவளும் ஒவ்வொரு எழுத்துக்கு முன்னாலும் ஒரு 'க' போட்டுப் பேசுவார்கள். அம்மா முன்னாலேயே, "கவா, கபோ கலா கம்" என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அம்மாவுக்குப் புரியவே புரியாது என்று வருடக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டு, தெரியாத மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அக்கா கல்யாணத்தின்போதுதான் தெரிந்தது. முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பதில் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆக, பழைய என்க்ரிப்ஷன் என்பது திறமைசாலி ஒருவன் உட்கார்ந்து யோசித்தால் உடைத்துவிடக்கூடிய பாஷை. புதியது அப்படி எளிதில் உடையாதது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ரூட்டரின் பக்கத்தைத் திறந்தாள். மூன்று வழி இருந்தது. 'பழையது', 'கலப்பு', 'புதியது மட்டும்'. கலப்பு என்றால் புதிய பாஷை தெரிந்த கருவியோடு புதியதில் பேசும், தெரியாததோடு பழையதில் பேசும். குட்டி கொஞ்ச நேரம் யோசித்தாள். பூட்டுவது என்று ஆனபின் அரைகுறையாகப் பூட்டுவானேன்? 'புதியது மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தாள்.

ரூட்டர் ஒரு முறை அணைந்து மறுபடி உயிர் பெற்றது. கம்ப்யூட்டர் சேர்ந்துகொண்டது. அவள் போன் சேர்ந்துகொண்டது. டிவி சேர்ந்துகொண்டது. வீட்டுக்காரரின் ஓட்டைப் போன் மட்டும் எத்தனை முறை முயன்றாலும் முடியாது என்று அடம் பிடித்தது.

"என் போனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார் அவர்.

"உங்க போன் பழசுங்க. அதுக்குப் புது பாஷை தெரியாது. நாமதான் மாறணும், ஊர் மாறாது" என்று சொல்லிவிட்டு, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள் குட்டி.

அந்த வார்த்தையை அவளே, அவள் வாயாலேயே சொன்னாள். பழைய கருவிக்குப் புது பாஷை தெரியாது. இன்னும் ஓர் அடி எடுத்து வைத்திருந்தால் போதும்.

அம்மாவின் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்கூட. வெள்ளைப் பெட்டியில் பச்சை விளக்கு வழக்கம்போல எரிந்தது. சரி என்று திரும்பிவிட்டாள். பச்சை, மின்சாரம் இருக்கிறது என்பதற்கான விளக்கு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. மருத்துவமனையோடு தொடர்பு இருந்தால் நீலமாக நிற்கும், அறுந்துபோனால் ஆரஞ்சு நிறத்தில் சிமிட்டும். அந்த நீல வெளிச்சம் தூங்கவிடாமல் கண்ணைக் குத்துகிறது என்று பெட்டி வந்த புதிதிலேயே அம்மா காயத்துக்குப் போடும் பிளாஸ்டர் ஒன்றை அதன் மேல் ஒட்டிவிட்டிருந்தாள். அப்போது குட்டியும் சேர்ந்து சிரித்தாள். பெட்டிக்கும் ஒரு கட்டு.

ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியதும் அலுவலகத்திலிருந்து ஒரு கட்டை விரல் படமும் 'அருமை' என்ற ஒற்றைச் சொல்லும் வந்தன. குட்டிக்கு உச்சி குளிர்ந்தது. முகம் தெரியாத நோயாளிகளின் இதயங்களையெல்லாம் பத்திரமாகப் பூட்டிவிட்டாள். அந்தப் பிற்பகலிலிருந்து, சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த இதயத்தைக் கேட்க ஆள் இல்லை.

மறுநாள் காலை அக்காவிடமிருந்து பச்சை டிக் வரவில்லை. மறந்திருப்பாள் என்று நினைத்தாள். அதற்கடுத்த நாளும் வரவில்லை. குட்டிக்குச் சுருக்கென்றது. ஓஹோ, இப்போது இதுவும் நின்றாச்சா? அம்மா இருக்கிறாளா இல்லையா என்றுகூடப் பார்க்க வேண்டாமா? எத்தனை திமிர்! நீ அனுப்பாவிட்டால் நானும் அனுப்ப மாட்டேன். குட்டியும் நிறுத்திவிட்டாள்.

அந்தப் பக்கம் நடந்தது வேறு. அக்காவின் ஆப்பில் அந்த வெள்ளிக்கிழமையே ஒரு சேதி வந்திருந்தது: 'பெட்டி இணைப்பில் இல்லை. வீட்டு வைஃபையைச் சரிபார்க்கவும்.' அக்கா அதை வாசித்தாள். அதில் வைஃபை அவள் கண்ணில் படவே இல்லை. பெட்டியைப் பிடுங்கி வீசிடுவேன் என்று கத்திய தங்கையின் குரல்தான் காதில் விழுந்தது. ஆக, செய்துவிட்டாள். என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். சாத்தட்டும், அவளாகத் திறக்கிற வரைக்கும் நான் தட்டுவதாக இல்லை. அம்மாவைத்தான் கண்ணெதிரே வைத்துக்கொண்டிருக்கிறாளே, ஒன்று என்றால் சொல்ல மாட்டாளா? இப்படி மனதைக் கல்லாக்கிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அம்மாவோ இவர்கள் இரண்டு பேருக்கும் மேலே போனாள்.

அம்மாவுக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கியிருந்தது. திடீரென்று, கூண்டில் மாட்டிய குருவி மாதிரி அடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அப்போதெல்லாம் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, கீரையை ஆய்வது போலக் கையை அசைத்துக்கொண்டிருப்பாள். குட்டி ஒரு முறை பார்த்துவிட்டாள்.

"என்னம்மா, மூச்சு வாங்குது?"

"முழங்கால் வலிடி. உனக்கு மட்டும்தான் முழங்கால் இருக்கா?"

"நெஞ்சுல ஒண்ணும் இல்லையே?"

"இருந்தா பெட்டி சொல்லாதா? பெரியவ இந்நேரம் கூப்பிட்டு நாலு ஊருக்குக் கேக்கற மாதிரி கத்தியிருப்பா. அவ கூப்பிடலைன்னா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம்."

குட்டிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அக்கா சும்மா இருக்கிறாள் என்பதே சான்றிதழ் இல்லையா? அக்கா குட்டியை நம்பியிருந்தாள், அம்மா அக்காவை நம்பியிருந்தாள், குட்டி அம்மாவின் வாயை நம்பினாள். அம்மாவும் குட்டியும் நடுவில் இருந்த பெட்டியையும் நம்பினார்கள். அது மேசை மேல் ஊமையாக உட்கார்ந்திருந்தது.

இன்னொரு நாள், அம்மா ஹாலுக்கு வந்து குட்டியின் தோளைத் தட்டினாள். குட்டி ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினாள்.

"அந்தப் பெட்டிக்கு என்னடி? பிளாஸ்டருக்குள்ளேருந்து என்னைப் பார்த்துக் கண்ணடிக்குது."

"உன்னைப் பார்த்தா யாருக்கும் கண்ணடிக்கத் தோணும்மா. இதை முடிச்சிட்டு வரேன்."

அம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டாள். குட்டி முடித்தாள், இன்னொன்று வந்தது, அதையும் முடித்தாள். பெட்டியை மறந்தே போனாள்.

இது நடந்து சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் குட்டி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். அம்மா மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே தட்டு. ஸ்பூன் தரையில் கிடந்தது. அம்மா அதை எடுக்கக் குனியாமல் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

"என்னம்மா?"

அம்மா நிமிர்ந்து ஏதோ சொன்னாள். வார்த்தைகள் வந்தன, ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கரைந்து, கூழாக வந்தன. உதட்டின் ஒரு ஓரம் தொங்கியது. தான் சொல்வது தனக்கே புரியவில்லை என்று தெரிந்ததும் அம்மாவின் கண்ணில் ஒரு பயம் வந்தது. குட்டி பிறந்ததிலிருந்து அந்த முகத்தில் அதைப் பார்த்ததே இல்லை.

முகம் கோணுவது, கை விழுவது, பேச்சு குழறுவது. இந்த மூன்றையும் குட்டி எத்தனை தடவை தட்டச்சு செய்திருக்கிறாள் என்பதற்குக் கணக்கே இல்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்தாலும் வாய் மட்டும் ஆம்புலன்ஸ்காரரிடம் சரியான சொற்களைச் சரியான வரிசையில் சொன்னது.

மருத்துவமனையில் அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். பேஸ்மேக்கரின் நினைவில் இருப்பதை வாசிக்கும் கருவியோடு ஓர் இளம் பெண் டாக்டர் வந்தாள். திரையைப் பார்த்தாள், இன்னும் கீழே நகர்த்தினாள், முகம் மாறியது.

"ரெண்டு வாரமாவே விட்டு விட்டு வந்திருக்கு. இதயத்தோட மேலறை ஒழுங்காத் துடிக்கலை, நடுங்கியிருக்கு. முதல் தடவையே எங்களுக்குத் தெரிஞ்சிருந்தா மருந்து ஆரம்பிச்சிருப்போம். ஆனா ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு அப்புறம் பெட்டியிலிருந்து எங்களுக்கு எதுவுமே வரலை." டாக்டர் நிமிர்ந்தாள். "அன்னைக்கு வீட்டுல ஏதாவது மாத்தினீங்களா? இன்டர்நெட், வைஃபை, அந்த மாதிரி?"

வெள்ளிக்கிழமை. ஸ்கிரீன்ஷாட். கட்டை விரல். வீட்டுக்காரரின் ஓட்டைப் போன். எல்லாம் ஒரே நொடியில் குட்டியின் தலையில் வந்து இறங்கின.

"இல்லையே" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

வீட்டுக்காரர் போனில் சொல்ல, மறுநாள் காலை அக்கா வந்து சேர்ந்தாள். கசங்கிய உடை, வாராத தலை. வந்தவள் குட்டியைப் பார்க்காமல் நேராக அம்மாவிடம் போனாள். அம்மா இடது கையைத் தூக்கி அக்காவின் கன்னத்தைத் தொட்டாள். ஏதோ சொன்னாள். அக்கா புரிந்த மாதிரித் தலையாட்டினாள். பிறகு வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். குட்டி பக்கத்தில் போய் நின்றாள். தொடுவதற்குக் கை வரவில்லை.

அந்த டாக்டர் அங்கேயே வந்தாள். "பெட்டி இணைப்பில் இல்லைன்னு உங்க நம்பருக்குத்தான் சேதி போயிருக்கு. நீங்க பார்க்கலையா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இல்லை டாக்டர். கவனிக்கலை."

குட்டி சட்டென்று அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா கவனிக்காமல் இருப்பாளா? அம்மா புரண்டு படுத்தாலே கூப்பிடுகிறவள். அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது மடல் சிவந்துவிடும். இப்போதும் சிவந்திருந்தது. என்ன பொய், எதற்காகப் பொய் என்று குட்டியால் யோசிக்கவே முடியவில்லை. தன் பொய்யே நெஞ்சில் பாறாங்கல்லாக உட்கார்ந்திருந்தது.

"அம்மாவுக்கு மாத்துத் துணி எடுத்துட்டு வரேன்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் தட்டு மேசையிலேயே இருந்தது, சோறு காய்ந்துபோய். ஸ்பூன் தரையில். குட்டி எதையும் எடுக்கவில்லை. நேராக அம்மாவின் அறைக்குப் போய்ப் பெட்டியின் மேலிருந்த பிளாஸ்டரை நகத்தால் சுரண்டி உரித்தாள். ஆரஞ்சு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. நின்று, எரிந்து, நின்று, எரிந்து. அம்மா படுத்திருக்கும்போதெல்லாம் கூப்பிடக் கூப்பிட யாரும் வராத விளக்கு. குட்டி அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பாவி, பாவி என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

பிறகு எழுந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். மூன்று வழி. 'கலப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். அந்த ஒரு சொல்லில் பழையதுக்கும் இடம் இருந்தது. படித்தபோதே அவளுக்கு அது தெரிந்திருந்தது. சேமித்தாள். கொஞ்ச நேரத்தில் அலுவலக மென்பொருள், உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று சிவப்பில் கத்திவிட்டு மூடிக்கொண்டது. மூடிக்கொள்ளட்டும்.

அம்மாவின் அறைக்கு ஓடினாள். ஆரஞ்சு இன்னும் சிமிட்டியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை நின்றது. பிறகு நீலமாக எரிந்தது, எரிந்தபடியே நின்றது.

கையிலிருந்த போன் அடித்தது. அக்கா. எவ்வளவோ நாளுக்குப் பிறகு அக்காவிடமிருந்து வரும் முதல் அழைப்பு.

"குட்டி…" அக்காவின் குரலுக்குப் பின்னால் டிங், டிங் என்று ஏதோ ஒலித்துக்கொண்டே இருந்தது. "என் போனுக்கு என்னவோ வருதுடி. அம்மாவோட துடிப்புல மாற்றம், துடிப்புல மாற்றம்னு… ஒண்ணு மேல ஒண்ணா… எல்லாம் பழைய தேதி. போன வாரம். அதுக்கு முந்தின வாரம். நிக்கவே மாட்டேங்குது."

அனுப்ப வழி தெரியாமல் இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் பெட்டி ஒரே மூச்சில் கொட்டிக்கொண்டிருந்தது. முழங்கால் வலி என்று அம்மா சொன்ன நாள், கீரை ஆய்ந்த நாள், கண்ணடிக்குது என்று வந்து சொன்ன நாள். குட்டி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு டிங்கையும் கேட்டாள்.

"நீ என்ன பண்ணினே?" என்றாள் அக்கா.

"இப்பதான் சரி பண்ணினேன். நான்தான்க்கா கெடுத்தேன். ஆபீஸ்ல கேட்டாங்கன்னு வைஃபைல பூட்டை மாத்தினேன். பழைய சாமானெல்லாம் அதுல சேராதுன்னு படிச்சேன். படிச்சும் பெட்டி ஞாபகம் வரலை. டாக்டர் கேட்டப்போ இல்லைன்னு பொய் சொன்னேன்."

அந்தப் பக்கம் டிங், டிங்குக்கு நடுவே அக்கா பேசினாள். மிரட்டும் குரல் இல்லை. சின்ன வயதில் இருட்டில் பயந்தால் வருமே, அந்தக் குரல்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்டி. சேதி வந்துச்சு. பார்த்தேன். நீ வேணும்னே பிடுங்கிட்டேன்னு நினைச்சேன். என்னைத் தள்ளி வெச்சுட்டேன்னு. நான் ஒரு போன் பண்ணியிருந்தா போதும் குட்டி. ஒரே ஒரு போன். ரோஷத்துல உக்காந்திருந்தேன்."

குட்டிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. கோபம் இருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதார்கள். யார் அழுகை யாருடையது என்று தெரியவில்லை.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"தூங்கறாங்க. பேச்சு வருமா வராதான்னு இப்ப சொல்ல முடியாதுன்னுட்டாங்க. கை கொஞ்சம் அசையுது."

டிங் சத்தம் நின்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று ஒலித்தது, தனியாக.

"என்னக்கா அது?"

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். "'இணைப்பு சரியாக உள்ளது. நோயாளி பெட்டியின் அருகில் இல்லை. அருகில் வரச் சொல்லவும்.'"

குட்டி கட்டிலைப் பார்த்தாள். தலையணையில் அம்மாவின் தலை பதிந்த பள்ளம் இன்னும் இருந்தது. நீல விளக்கு அசையாமல் அதைப் பார்த்தபடி எரிந்துகொண்டிருந்தது.

"கீழே ரெண்டு பட்டன் இருக்குடி" என்றாள் அக்கா. "'கண்காணிப்பை நிறுத்து'ன்னு ஒண்ணு. 'பிறகு நினைவூட்டு'ன்னு ஒண்ணு. எதை அமுக்க?"

அக்கா அவளிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

"பிறகுன்னு போடுக்கா" என்றாள் குட்டி.